பையின் நடுவுக்கு ஆவி போனதா?

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, லேப் கழிவுப் பைமேல் ஒட்டுகிற, ஆவிச் சூடு பட்டால் கறுக்கிற டேப்பைப் பற்றி, "டேப் கறுத்துவிட்டால் கழிவு சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுவதும். என்னைப் பற்றித் தெரியாத புது வாசகர்களுக்காக: ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பிரிவில் முப்பத்தோரு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். அதில் பெரும்பகுதி, ஆவியழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இருக்கும் அறை என் பொறுப்பு.

மேடம், தனியார் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கல்ச்சர் ப்ளேட், சளி டப்பா எல்லாவற்றையும் பையில் கட்டி ஆட்டோகிளேவில் வைக்கிறோம். பைமேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிடுகிறது. கேஜும் 15 பவுண்டு காட்டுகிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?
— டெக்னீஷியன், மதுரை

டேப்பை எங்கே ஒட்டுகிறீர்கள்? பைக்கு வெளியே. வெளியே ஆவி பட்டது என்று மட்டும்தான் அது சொல்லும். நடுவில் இருக்கிற, கிருமி வளர்த்த ப்ளேட்டுக்கு ஆவி போனதா, போயிருந்தால் எவ்வளவு நேரம் நின்றது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. கேஜும் அப்படித்தான். பாத்திரத்துக்குள் இருக்கிற அழுத்தத்தைத்தான் காட்டுகிறது, பைக்குள் இருக்கிற சூட்டை அல்ல.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் லேபுக்கு முதன்முதலாக ஸ்போர் ஸ்ட்ரிப் வந்தது. சின்ன உறைக்குள் ஒரு காகிதத் துண்டு. இன்று ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்று சொல்லும் பாக்டீரியாவின் ஸ்போர்கள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வித்துகள், பத்து லட்சம் அதில் உலர்ந்து ஒட்டியிருக்கும். மனிதருக்கு நோய் தராது. ஆனால் சூட்டைத் தாங்குவதில் பெரிய கெட்டிக்காரன். டின்னில் அடைத்து வேகவைத்த பிறகும் கெட்டுப்போன சோளத்திலிருந்துதான் 1920-ல் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். பைக்குள் வைத்த இதுவே செத்துவிட்டது என்றால் காசநோய்க் கிருமியும் டைஃபாய்டு கிருமியும் அதற்கு எவ்வளவோ முன்பே செத்திருக்கும்.

அன்றைக்கு ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து, வழக்கமாகக் கட்டுகிற பையின் நடுவில் வைத்தேன். ஐம்பது ப்ளேட் இருக்கும், நெருக்கி அடுக்கி, வாயைக் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்ட பை. அந்தக் காலத்தில் நாங்கள் கொடுத்தது 20 நிமிடம். டேப் கறுகறுவென்று வந்தது. ஸ்ட்ரிப்பைக் கிருமி வளரும் சத்துநீரான ஊதா நிற ப்ராத்தில் போட்டு 56 டிகிரியில் வைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் மஞ்சள். உள்ளே ஸ்போர்கள் பிழைத்து, வளர்ந்து, ப்ராத்தைப் புளிக்கவைத்து நிறத்தை மாற்றியிருக்கின்றன. எங்கள் துறைத் தலைவர் அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு, அந்தப் பைகளைத் தினமும் தோளில் போட்டுக்கொண்டு போன பணியாளர் அண்ணனின் முகம்தான் கண்முன் வந்தது. கையுறை கிடையாது. கேட்டால் "வெந்ததுதானேம்மா" என்பார்.

வேகவில்லை. புட்டுக்குழலில் மாவை அழுத்தி அடைத்துப் பாருங்கள். மேலே ஆவி வருவதுபோல் இருக்கும், தள்ளிப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு. அதே கதைதான். பையை இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கிற காற்று வெளியேற வழியில்லை. காற்று அடைத்துக்கொண்ட இடத்துக்கு ஆவி வராது. ஆவி, ஆறின பொருள்மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போதுதான் தன்னிடம் இருக்கிற சூட்டையெல்லாம் கொட்டிக் கொடுக்கிறது. அது நடக்காத இடம் வெறும் சுடுகாற்றுப் பொந்து. சுடுகாற்றில் கிருமி நீக்க ஹாட் ஏர் ஓவனுக்கு 160 டிகிரி, 2 மணி நேரம் என்று கணக்கு வைக்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். 121 டிகிரியில் 20 நிமிடம் அதற்கு எந்த மூலைக்கு?

அப்புறம் நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். பையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. வாயை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து விட்டோம். உள்ளேயே ஆவி உண்டாகட்டும் என்று பக்கவாட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக, தெறிக்காமல் விட்டோம். திருகு மூடி போட்ட பாட்டில் என்றால் மூடியை அரைச் சுற்று தளர்த்தினோம். ப்ளேட்டில் ஜெல்லிபோல் இருக்கிற அகார் உருகி வழிந்தால் பிடிக்க அடியில் ஸ்டீல் ட்ரே. பைகளுக்கிடையே இடைவெளி. இவ்வளவு செய்தும் 45 நிமிடத்தில் அடிப்பையில் இருந்த ஸ்ட்ரிப் பிழைத்துக்கொண்டது. 60 நிமிடத்தில்தான் வைத்த மூன்று ஸ்ட்ரிப்பும், தொடர்ந்து மூன்று தடவை, செத்தன.

இப்போது உங்களுக்கு விதியே இருக்கிறது. 2016-ம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், ஆவி தானாகக் காற்றைத் தள்ளும் சாதாரண ஆட்டோகிளேவுக்கு 121 டிகிரி, 15 பவுண்டு, குறைந்தது 60 நிமிடம் என்கின்றன. வாக்யூம் பம்ப் உள்ளதற்கு அதே சூட்டில் 45 நிமிடம். சோதனைக்கு நான்கு ஸ்ட்ரிப். ஒன்றை வெளியே அறைச் சூட்டிலேயே, ஒப்பிட்டுப் பார்க்க, கன்ட்ரோலாக வைக்க வேண்டும். மூன்றைக் கழிவுப் பைகளின் நடுவில் வைக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றாவது ஆவி போகச் சிரமப்படும் இடத்தில், அதாவது குவியலின் அடி நடுவில், இருக்க வேண்டும். தொடர்ச்சியாக மூன்று முறை எல்லாம் செத்தால், அந்தச் சூடும் அழுத்தமும் நேரமும்தான் உங்கள் மெஷினுக்குக் குறைந்தபட்ச அளவு. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இந்தச் சோதனை. நிறம் மாறும் டேப்போ கெமிக்கல் ஸ்ட்ரிப்போ (ஸ்போர் ஸ்ட்ரிப் அல்ல) ஒவ்வொரு லோடுக்கும் உண்டு. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது மட்டும் போதாது என்கிறேன். ஸ்ட்ரிப் வைக்கப் பையைத் திறக்கும்போது கையுறை, முகக்கவசம், மேலங்கி கட்டாயம்.

ரெஜிஸ்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 121, 15, 60 என்று மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதின பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவற்றைக் கண்டால் பயம். "இன்று ஸ்ட்ரிப் வளர்ந்தது, லோடைத் திரும்பப் போட்டோம், கேஸ்கெட் மாற்றினோம்" என்று எழுதின ஒரு பக்கம் இருக்கிற ரெஜிஸ்டரைத்தான் நான் நம்புவேன்.

கேஜில் 15 பவுண்டு வந்தாலும் எங்கள் ஆட்டோகிளேவின் தெர்மாமீட்டர் 112-ஐத் தாண்டுவதில்லை. சர்வீஸ் செய்ய வந்தவர் "தெர்மாமீட்டர்தான் கெட்டுப்போச்சு, கண்டுக்காதீங்க" என்கிறார். விட்டுவிடலாமா?
— லேப் இன்சார்ஜ், திருச்சி

விடாதீர்கள். 112 என்ற எண்ணே எனக்கு ஒன்றைச் சொல்கிறது. உள்ளே இருக்கிற காற்றைக் கொஞ்சமும் வெளியேற்றாமல் 15 பவுண்டு ஏற்றினால் சூடு 100 டிகிரிதான் வரும். பாதிக் காற்று போயிருந்தால் 112. மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தால் 115. முழுதும் போனால்தான் 121. ஆகவே உங்கள் தெர்மாமீட்டர் கெட்டுப்போகவில்லை, உள்ளே பாதிக் காற்று தங்கியிருக்கிறது என்று தினமும் முறையிட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன்.

குக்கரில் ஆவி சீராகக் கம்பிபோல் வந்த பிறகுதான் வெயிட் போட வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லித் தருவார்களே, அது இந்தக் காற்றை வெளியேற்றத்தான். ஆட்டோகிளேவிலும் ஆவி வால்வு வழியாக விட்டு விட்டு வராமல், ஒரே சீராக வரும்வரை பொறுத்து, அதற்குப் பிறகு மூடுங்கள். அவசரத்தில் இந்த ஐந்து பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் திருடுகிறார்கள். கீழ்ப்பக்கம் வடிகால் உள்ள மெஷின் என்றால் அங்கே இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். காற்று ஆவியைவிடக் கனம், அதனால் அடியில்தான் போய்த் தங்கும், அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழிந்து இறுகின அகார் அந்த ஓட்டையை அடைத்திருந்தால் காற்று எங்கே போகும்?

அடியில் தங்கின காற்று என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கொடுமையான சம்பவம் உண்டு. 1972-ல் ப்ளிமத் நகரின் டெவன்போர்ட் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஏற்றின டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்களில் உயிருள்ள பாக்டீரியா இருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். க்ளோதியர் தலைமையிலான குழு விசாரித்தது. அந்த பாட்டில்களைக் கிருமி நீக்கின ஆட்டோகிளேவின் அடிப்பகுதியில் காற்று தங்கிவிட்டது. மேல் தட்டு பாட்டில்கள் சரியாக வெந்தன, கீழ்த் தட்டில் இருந்தவை வேகவில்லை. மாதிரிக்கு எடுத்துச் சோதித்த பாட்டில்கள் தேறியும்விட்டன. இதில் என்னை உலுக்கியது எது தெரியுமா? பதிவு செய்யும் தெர்மாமீட்டர் சூடு ஏறவில்லை என்று காட்டியிருக்கிறது. கருவியில்தான் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு மற்ற மீட்டர்களை நம்பிவிட்டார்கள். உங்கள் சர்வீஸ்காரர் சொன்ன அதே வார்த்தை.

அது மருந்து, உங்களுடையது கழிவு. ஆனால் மெஷின் ஒன்றுதான். தெர்மாமீட்டரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். திருச்சியில் அது 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் அதன்மேல் பழி இல்லை. பிறகு, ஏறின சூட்டிலேயே நின்றுவிடும் மேக்ஸிமம் தெர்மாமீட்டர் ஒன்றைப் பையின் நடுவில் வைத்து ஒரு லோடு ஓட்டுங்கள். அது சரியாகும்வரை அந்த மெஷினில் போட்ட கழிவை வெளியே அனுப்பாதீர்கள். சூடோ அழுத்தமோ நேரமோ எட்டவில்லை என்றால் மொத்த லோடையும் மறுபடி போட வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது.

ஊட்டியில் ஒரு சின்ன லேப் நடத்துகிறோம். எங்கள் ஆட்டோகிளேவில் கேஜ் மட்டும்தான், தெர்மாமீட்டர் கிடையாது. 15 பவுண்டு, ஒரு மணி நேரம் வைக்கிறோம். இருந்தும் ஸ்போர் டெஸ்ட் இரண்டு தடவை ஃபெயில். எங்கே தப்பு?
— லேப் உரிமையாளர், உதகை

உங்கள் ஊரில் பருப்பு வேக நேரமாகிறதல்லவா, அதே காரணமாக இருக்கலாம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கேஜ், சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் எவ்வளவு என்றுதான் காட்டுகிறது. மலையில் அந்தப் பூஜ்யமே கீழே இறங்கிவிட்டது. சென்னையில் கேஜ் 15 என்றால் உள்ளே 121 டிகிரி. உங்களிடம் அதே 15-க்கு, காற்றெல்லாம் ஒழுங்காகப் போயிருந்தாலும், சுமார் 117 டிகிரிதான்.

நாலு டிகிரிதானே என்று தோன்றும். இந்த ஸ்போருக்கு 10 டிகிரி குறைந்தால் சாக ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் பிடிக்கும். 4 டிகிரி குறைந்தால் இரண்டரை மடங்கு. 121-ல் பத்தில் ஒன்பது பங்கு ஸ்போர் சாக 2 நிமிடம் ஆகும் என்றால் 117-ல் 5 நிமிடம். பத்து லட்சத்தை ஒன்றாகக் குறைக்க இப்படி ஆறு படி இறங்க வேண்டும். அங்கே 12 நிமிடத்தில் முடிவது உங்களிடம் 30 நிமிடம் கேட்கிறது. அதுவும் பையின் நடுப்பகுதி முழுச்சூட்டுக்கு வந்த பிறகு தொடங்குகிற கணக்கு. உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் நடுப்பகுதி சூடாவதற்கே போயிருக்கும்.

நேரத்தை நீட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். ஸ்போர் சாகலாம், ஆனால் 121-க்குக் கீழே இயக்கவே கூடாது என்பது விதி. 121 வர உங்கள் ஊரில் கேஜ் சுமார் 18½ பவுண்டு காட்ட வேண்டும். அதற்கு முன் மெஷினின் பெயர்ப்பலகையில் எவ்வளவு அழுத்தம்வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள். சேஃப்டி வால்வை அதற்கேற்ப அமைப்பது தெரிந்த சர்வீஸ் ஆளின் வேலை. தயவுசெய்து நீங்களாக வால்வின்மேல் எதையும் கட்டவோ திருகவோ வேண்டாம். அதோடு ஒரு தெர்மாமீட்டர் பொருத்தச் சொல்லுங்கள். மலையில் கேஜை மட்டும் வைத்து ஆட்டோகிளேவ் ஓட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எல்லாம் சரிசெய்து நாலு ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

ஸ்போர் வயலை (ஸ்போரும் ப்ராத்தும் உள்ள சின்னக் குப்பி) 37 டிகிரி இன்குபேட்டரில் இரண்டு நாள் வைத்தோம். ஊதா நிறம் மாறவே இல்லை. பாஸ் என்று எழுதிவிட்டோம். சரிதானே?
— மைக்ரோபயாலஜிஸ்ட், சேலம்

கன்ட்ரோல் வயல் என்ன நிறம்? அதுவும் ஊதாவாகத்தான் இருந்திருக்கும். இந்தக் கிருமிக்கு 55 முதல் 60 டிகிரி வேண்டும். 37-ல் வைத்தால் உயிரோடு இருந்தாலும் உறங்கிக்கொண்டிருக்கும். ஆட்டோகிளேவுக்குப் போகாத கன்ட்ரோல் மஞ்சளாக மாற வேண்டும், போனவை ஊதாவாகவே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாஸ். கன்ட்ரோலும் மாறவில்லை என்றால் அன்றைக்குச் சோதனையே நடக்கவில்லை என்று பொருள். எழுதினதை அடித்துவிட்டு, காலாவதி தேதியையும் பார்த்து, திரும்பச் செய்யுங்கள்.

கூடுதல் பாதுகாப்புக்காக ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றி, அதோடு ஆட்டோகிளேவில் வைக்கலாமா?
— மாணவி, கோயம்புத்தூர்

கூடாதும்மா. சூட்டில் குளோரின் கிளம்பி, மூடியைத் திறக்கும்போது உன் முகத்தில்தான் அடிக்கும். பாத்திரத்தின் ஸ்டீலையும் அரித்துவிடும்.

எங்கள் அரசுப் பள்ளியில் பிள்ளைகள் கைவிரலை அகார் ப்ளேட்டில் ஒற்றிக் கிருமி வளர்த்துக் காட்டுகிறார்கள். ஆட்டோகிளேவ் இல்லை. பழைய குக்கரில் போட்டால் போதுமா?
— அறிவியல் ஆசிரியர், அறந்தாங்கி

குக்கரும் 15 பவுண்டு வெயிட்தான், ஒழுங்காகச் செய்தால் வேலை நடக்கும். ப்ளேட்டுகளை வளர்ந்த பிறகு பிள்ளைகள் திறக்கவே கூடாது, சுற்றி டேப் ஒட்டியே வைத்திருங்கள். விரலிலிருந்து வளர்வதில் சீழ் உண்டாக்குகிற கிருமியும் இருக்கும். பிளாஸ்டிக் ப்ளேட் சூட்டில் உருகும், ஆகையால் ஒரு ஸ்டீல் தூக்குச்சட்டியில், மூடாமல், பாதி அளவுக்குப் போட்டு உள்ளே இறக்குங்கள். அடியில் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். ஆவி சீராக வந்த பிறகு வெயிட், விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம். இடையில் தண்ணீர் வற்றாமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் வெறும் குக்கரை ஓட்டித் தெரிந்துகொள்ளுங்கள். தானாக ஆறட்டும், வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அந்தக் குக்கர் இனி சமையலுக்குக் கிடையாது. பெயின்டில் எழுதியே வைத்துவிடுங்கள், சத்துணவுக் கூடத்துக்குத் தவறிப் போய்விடக்கூடாது.

என் அம்மா ஒரு மருத்துவமனை லேபில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். ஆட்டோகிளேவ் செய்த பைகளைக் கீழே கொண்டுபோய் வைப்பது அவர் வேலை. "எல்லாம் வேகவைத்ததுதான், பயப்படாதே" என்று சொல்லியிருக்கிறார்களாம். நம்பலாமா மேடம்?
— கல்லூரி மாணவி, விழுப்புரம்

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் கண்ணு. அந்த அண்ணன் சொன்ன அதே வார்த்தை.

வெந்ததா என்று பையைப் பார்த்தால் அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்த லேபில் ஒரு ரெஜிஸ்டர் இருக்க வேண்டும். கடைசியாக ஸ்போர் டெஸ்ட் செய்த தேதி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். அதைக் கேட்க அம்மாவுக்குத் தயக்கமாக இருந்தால் இன்சார்ஜிடம் நீயே மரியாதையாகக் கேட்கலாம். உரிமையோடு கேட்கிற கேள்விதான்.

சோதனையில் தேறின பையாக இருந்தாலும், ஆட்டோகிளேவ் கிருமியைத்தான் கொல்லும், ஊசியின் கூர்மையையும் உடைந்த கண்ணாடியின் முனையையும் மழுக்காது. ஊசி வெள்ளை டப்பாவில்தான் இருக்க வேண்டும். பைக்குள் வரவே கூடாது, ஆனால் வந்துவிடுகிறது. ஆகவே பையைத் தோளில் போடக் கூடாது, மார்போடு அணைத்துத் தூக்கக் கூடாது. கழுத்தைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளி, தள்ளுவண்டியில் வைக்க வேண்டும். தடித்த ரப்பர் கையுறையும் மூடின காலணியும் நிர்வாகம் தர வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் என்பதால் இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய். இந்தக் கழிவைக் கையாளுகிற எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. ஒரு ஊசி போட்டுவிட்டு மற்ற இரண்டையும் மறந்தவர்களை எனக்கு நிறையத் தெரியும். அம்மா வேலை முடிந்து வந்ததும் எத்தனை போட்டார்கள், அட்டை எங்கே என்று கேள்.